இரண்டு மாநிலத்தில் வேலை, ஒரே குடும்பம்: அமெரிக்க மாநில வருமான வரி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவருக்கு ஒரு மாநிலத்தில் வேலை, மனைவிக்கு இன்னொரு மாநிலத்தில் வேலை. அமெரிக்காவில் இப்படி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிப்ரவரி பிறந்ததும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். விதிகளும் தொகைகளும் 2025 வரி ஆண்டுக்கு உரியவை, அதாவது 2026 ஏப்ரலில் தாக்கல் செய்வதற்கு. எடுத்துக்காட்டுகளில் வரும் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறோம்.

கேள்வி எதுவானாலும் முதலில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள்: நீங்கள் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள், சம்பளத்துக்கான வேலையை எந்த மாநிலத்தில் இருந்துகொண்டு செய்தீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் பலருக்குக் கைக்காசு போகிறது.

ஃபெடரல்ல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன்தான் போடறோம். ஸ்டேட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

ஃபெடரல் வரிக்கு, அதாவது மத்திய அரசின் வருமான வரிக்கு, நாடு முழுக்க ஒரே சட்டம். மாநில வரியோ ஒவ்வொரு மாநிலச் சட்டசபையும் தனித்தனியாக எழுதியது. அலாஸ்கா, ஃப்ளோரிடா, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், சவுத் டகோட்டா, டென்னசி, டெக்சாஸ், வாஷிங்டன், வயோமிங் ஆகிய 9 மாநிலங்களில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. மற்ற 41 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டன் டிசியும் வாங்குகின்றன.

வாங்கும் மாநிலம் இரண்டு விதமாக உரிமை கொண்டாடும். தன்னிடம் குடியிருப்பவர், அதாவது ரெசிடென்ட், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அதற்கு வரி கேட்கும். வெளியூர்க்காரர், அதாவது நான்-ரெசிடென்ட், தன் எல்லைக்குள் வந்து சம்பாதித்ததற்கு மட்டும் கேட்கும். தம்பதியில் ஒருவர் ஓர் இடத்தில் ரெசிடென்டாகவும் இன்னொரு இடத்தில் நான்-ரெசிடென்டாகவும் இருக்கலாம். அவருடைய துணைக்கு இரண்டும் வேறாக இருக்கலாம்.

நாங்க எச்-1பி விசால இருக்கோம். எங்களை எந்த ஸ்டேட்டுக்கு ரெசிடென்ட்னு எடுத்துப்பாங்க?

மாநில ரெசிடென்ட் என்பதை விசா வகையை வைத்துத் தீர்மானிப்பதில்லை. பெரும்பாலான மாநிலங்கள் இரண்டு சோதனை வைத்திருக்கின்றன. முதலாவது நிலையான இருப்பிடம்: ஊருக்கெல்லாம் போய்விட்டு ‘வீட்டுக்கு வந்தேன்’ என்று சொல்வீர்களே, அந்த வீடு எங்கே? ஓட்டுநர் உரிமம், கார் பதிவு, குத்தகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி, குடும்ப மருத்துவர், வங்கிக் கடிதம் வரும் முகவரி ஆகியவை இதற்குச் சான்று. கணவனும் மனைவியும் உண்மையிலேயே வெவ்வேறு மாநிலத்தில் குடித்தனம் நடத்தினால் இருவருக்கும் வெவ்வேறு இருப்பிடம் இருக்கலாம். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.

இரண்டாவது நாள் கணக்கு. நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் உங்களுக்கென்று நிரந்தரமாக ஒரு வீடு இருந்து, ஆண்டில் 183 நாளுக்கு மேல் அங்கே இருந்தால், இருப்பிடம் வேறு மாநிலமானாலும் ரெசிடென்டாக எடுத்துக்கொள்வார்கள். நியூயார்க் கணக்கில் ஒரு நாளின் சில மணி நேரம்கூட முழு நாள்தான்.

நாங்க ஜெர்சி சிட்டில இருக்கோம். அவர் மன்ஹாட்டன்ல வேலை, நான் எடிசன்ல. எத்தனை ரிட்டர்ன், எதை முதல்ல போடணும்?

ஃபெடரல் ஒன்று, நியூயார்க் நான்-ரெசிடென்ட் படிவம் ஐடி-203 ஒன்று, நியூ ஜெர்சி ரெசிடென்ட் படிவம் என்ஜே-1040 ஒன்று. இதே வரிசையில்தான் போட வேண்டும். நியூயார்க் வரி எவ்வளவு என்று முடிந்த பிறகுதான் நியூ ஜெர்சியில் அதற்கான கிரெடிட், அதாவது அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளும் சலுகை, கேட்க முடியும். மென்பொருளில் நியூ ஜெர்சியை முதலில் முடித்தால் கிரெடிட் பகுதி வெற்றாகவோ தவறாகவோ நிற்கும். இதனால் ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநிலத்துக்கும் முழு வரி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கு இப்படி ஓடும். அவர் நியூயார்க்கில் 1,20,000 டாலர், நீங்கள் நியூ ஜெர்சியில் 80,000, மொத்தம் 2,00,000. நியூயார்க் வரி ஏறத்தாழ 6,500 டாலர் வருகிறது. மொத்த வருமானத்துக்கும் நியூ ஜெர்சி வரி ஏறத்தாழ 8,600. அவருடைய சம்பளம் மொத்தத்தில் 60 சதவீதம். எனவே நியூ ஜெர்சி அதிகபட்சம் 8,600-இல் 60 சதவீதம், அதாவது 5,160 டாலர் வரைதான் கிரெடிட் தரும். மீதி 3,440 நியூ ஜெர்சிக்குக் கட்ட வேண்டும். நியூயார்க் விகிதம் அதிகமாக இருப்பதால் கூடுதலாகப் போன 1,340 டாலர் திரும்பி வராது. நியூ ஜெர்சியில் இந்தக் கணக்குக்கான அட்டவணையின் பெயர் என்ஜே-சிஓஜே. நியூயார்க் ரிட்டர்னின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

ஒரு நல்ல செய்தி: மன்ஹாட்டனில் வேலை பார்ப்பதால் மட்டும் நியூயார்க் நகர வரி வராது. வெளியிலிருந்து வந்து போகிறவர்களுக்கான நகர வரியை 1999-இல் நீக்கிவிட்டார்கள். ஆனால் அலுவலகம் யாங்கர்ஸ் நகரத்தில் இருந்தால் அரை சதவீத வரி உண்டு.

ஜெர்சி கிரெடிட்ல டபிள்யூ-2-ல இருக்கற நியூயார்க் பிடித்தத்தைப் போட்டோம். இப்ப நோட்டீஸ் வந்திருக்கு. எங்க தப்பு?

அந்தத் தொகையில்தான் தப்பு. நிறுவனம் ஆண்டு முடிவில் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2-இன் 17-ஆவது பெட்டியில் இருப்பது முன்கூட்டிப் பிடித்த பணம். கிரெடிட்டுக்குக் கேட்பது ஐடி-203-இல் கடைசியாக முடிவான வரி. 8,200 பிடித்து 1,700 திரும்ப வாங்கியிருந்தால் நீங்கள் கட்டிய வரி 6,500 மட்டுமே. 8,200 என்று எழுதினால், திரும்பக் கிடைத்த பணத்துக்கும் சேர்த்துக் கிரெடிட் கேட்டதாகும். மாநிலங்கள் தகவலைப் பரிமாறிக்கொள்வதால் இது எளிதில் சிக்கும். என்ஜே-1040எக்ஸ் திருத்தப் படிவத்தில் சரியான தொகையைப் போட்டு, ஐடி-203 நகலோடு பதில் அனுப்புங்கள்.

குடியிருக்கும் மாநிலம் கிரெடிட் தருவது இன்று பொதுவான நடைமுறை. 2015-இல் மேரிலாந்தைச் சேர்ந்த வின் தம்பதியின் வழக்கில், வெளிமாநிலத்தில் கட்டிய வரிக்கு மாநில வரியில் மட்டும் கிரெடிட் தந்து கவுன்டி (மாவட்ட) வரியில் தராமல் விட்டது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் வையுங்கள். கலிஃபோர்னியாவுக்கும் அரிசோனா, ஆரிகன், வர்ஜீனியா மாநிலங்களுக்கும் இடையே கிரெடிட் தலைகீழாக நடக்கும். குடியிருக்கும் மாநிலத்தில் கேட்கக் கூடாது, வேலை பார்த்த மாநிலத்தின் நான்-ரெசிடென்ட் படிவத்தில் கேட்க வேண்டும்.

நான் நியூயார்க்ல ஒரு நாள்கூட வேலை பார்க்கல. ஐடி-203-ல என் எடிசன் சம்பளத்தை ஏன் கேக்குது?

இருவரும் நியூயார்க்குக்கு நான்-ரெசிடென்ட், ஃபெடரலில் சேர்ந்து போட்டீர்கள். அப்படியானால் ஒருவருக்கு மட்டுமே நியூயார்க் வருமானம் இருந்தாலும் ஐடி-203-உம் சேர்ந்துதான் போட வேண்டும். படிவத்தில் இரண்டு பத்திகள் இருக்கும். ஃபெடரல் பத்தியில் இருவர் வருமானமும் வரும், நியூயார்க் பத்தியில் அவருடைய நியூயார்க் சம்பளம் மட்டும் வரும்.

முதலில் மொத்தம் 2,00,000 டாலருக்கும் நீங்கள் நியூயார்க்கில் குடியிருப்பது போல வரி போடுவார்கள். பிறகு நியூயார்க் பங்கான 60 சதவீதத்தை மட்டும் வசூலிப்பார்கள். உங்கள் சம்பளத்துக்கு நேரடியாக வரி இல்லை. ஆனால் அது சேர்வதால் அவருடைய சம்பளத்துக்கான விகிதம் உயரும். மென்பொருள் கேட்கும்போது உங்கள் சம்பளத்தைத் தவறுதலாக நியூயார்க் பத்தியில் ஏற்றிவிடாதீர்கள். அதை மட்டும் அச்சடித்து ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அவரோட டபிள்யூ-2-ல நியூயார்க், ஜெர்சி ரெண்டுமே இருக்கு. 16-ஆவது பெட்டியைக் கூட்டினா சம்பளத்தை விட அதிகமா வருதே?

பயப்பட வேண்டாம். நான்-ரெசிடென்டாக இருந்தாலும், மாநிலச் சம்பளத்தைக் காட்டும் 16-ஆவது பெட்டியில் முழு ஃபெடரல் சம்பளத்தையும் காட்டச் சொல்லி நிறுவனங்களுக்கு நியூயார்க் விதித்திருக்கிறது. எனவே நியூயார்க்குக்கான வரிசையில் முழுச் சம்பளமும், நியூ ஜெர்சிக்கான வரிசையில் இன்னொரு தொகையும் இருக்கும். இரண்டையும் கூட்டக் கூடாது. நியூ ஜெர்சி தொகை, ஃபெடரல் சம்பளம் இருக்கும் முதல் பெட்டியை விடக் கூடுதலாக இருப்பதும் வழக்கம்தான். மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கும் காஃபிட்டீரியா திட்டத்தில், அதாவது வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடித்துக் கட்டும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கும் நியூ ஜெர்சி விலக்கு தருவதில்லை.

நியூயார்க் எல்லைக்குள் உண்மையில் எவ்வளவு சம்பாதித்தார் என்பதை ஐடி-203-பி படிவத்தில் நாள் கணக்காகக் காட்ட வேண்டும். 365 நாளில் சனி ஞாயிறு 104, அரசு விடுமுறை 10, உடம்பு சரியில்லாத நாள் 3, ஊருக்குப் போன விடுப்பு 18 ஆகியவற்றைக் கழித்தால் வேலை நாள் 230. அதில் சிகாகோ வாடிக்கையாளர் அலுவலகத்தில் 46 நாள் இருந்தார் என்றால் நியூயார்க் நாள் 184. 184-ஐ 230-ஆல் வகுத்தால் 80 சதவீதம். சம்பளம் 1,20,000 என்றால் நியூயார்க் வருமானம் 96,000. இதற்குச் சான்றாக நாட்காட்டிப் பதிவு, விமான டிக்கெட், ஓட்டல் பில், அலுவலக நுழைவு அட்டைப் பதிவு ஆகியவற்றை வைத்திருங்கள். மார்ச் மாதத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய பட்டியல் தணிக்கையில் நிற்காது. அந்த 46 நாளுக்கு இல்லினாய்ஸ் மாநிலமும் உரிமை கேட்கும், ஏனெனில் அங்கே 30 வேலை நாளுக்கு மேல் போனால் நான்-ரெசிடென்ட் சம்பளத்துக்கு வரி உண்டு. இதையும் ஒரு ரிட்டர்னாகக் கணக்கில் சேருங்கள்.

வாரத்துல ரெண்டு நாள் அவர் வீட்டுலேருந்துதான் வேலை. அந்த நாளைக் கழிக்கலாம் இல்லையா?

பெரும்பாலும் முடியாது. நியூயார்க்கில் ‘முதலாளியின் வசதி’ என்று ஒரு விதி இருக்கிறது. நிறுவனத்தின் அலுவலகம் நியூயார்க்கில் இருந்து, வீட்டிலிருந்து வேலை செய்வது உங்கள் வசதிக்காக என்றால், அந்த நாளும் நியூயார்க் நாள்தான். நிறுவனத்தின் தேவைக்காகவே வீட்டில் வேலை செய்ய வேண்டியிருந்தது என்று காட்டினால்தான் கழிக்க முடியும். வீட்டில் மேசை, கணினி, இணையம் இருப்பது மட்டும் அதற்குப் போதாது.

நியூ ஜெர்சியில் குடியிருப்பவருக்கு இதனால் பெரிய அடி விழாது, நியூ ஜெர்சி கிரெடிட் கொடுத்துவிடும். ஃப்ளோரிடாவுக்கோ டெக்சாஸுக்கோ குடிபோய் அதே நியூயார்க் வேலையைத் தொடர்பவருக்குத்தான் கை சுடும். வரியே இல்லாத மாநிலத்தில் கிரெடிட் யாரிடம் கேட்பது? குடிமாறும் முன்பே, நீங்கள் போகும் ஊரில் உள்ள நிறுவனக் கிளைக்கு உங்களை எழுத்துப்பூர்வமாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று மனிதவளத் துறையிடம் கேளுங்கள். நியூ ஜெர்சியும் 2023 முதல், இதே விதி வைத்திருக்கும் மாநிலத்துக்காரர்கள் மீது பதிலுக்கு இதைப் பயன்படுத்துகிறது.

நான் ஃப்ளோரிடால, அவர் நியூயார்க்ல அபார்ட்மென்ட் எடுத்து இருக்கார். ஃபெடரல் சேர்ந்து போட்டா நியூயார்க்கும் சேர்ந்துதான் போடணுமா?

இல்லை. அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான், எனவே நிதானமாகப் படியுங்கள். தம்பதியில் ஒருவர் நியூயார்க் ரெசிடென்ட், மற்றவர் நான்-ரெசிடென்ட் என்றால், ஃபெடரல் சேர்ந்தே இருந்தாலும் நியூயார்க்கில் தனித்தனியாகப் போடுவதுதான் அடிப்படை விதி. அவர் ரெசிடென்ட் படிவமான ஐடி-201-இல், திருமணமானவர் தனித் தாக்கல் என்று போடுவார். உங்களுக்கு நியூயார்க் வருமானம் எதுவும் இல்லாவிட்டால் நீங்கள் அங்கே எதுவும் போட வேண்டியதில்லை. சேர்ந்து போட நீங்களாக விரும்பினால் அனுமதி உண்டு. ஆனால் அப்போது இருவரும் முழு ஆண்டு ரெசிடென்டாகக் கருதப்படுவீர்கள். உங்கள் ஃப்ளோரிடா சம்பளம் 1,10,000 டாலருக்கும் நியூயார்க் வரி விழும், ஏறத்தாழ 6,000 டாலர் சும்மா போகும். பல மென்பொருள்கள் ஃபெடரலைப் பார்த்து மாநிலத்தையும் சேர்த்தே தயாரித்துவிடும். மாற்ற வேண்டியது நீங்கள்தான்.

செய்முறை: சேர்ந்த ஃபெடரல் ரிட்டர்னை முதலில் முடித்து வையுங்கள். பிறகு அவருக்கு மட்டும், தனித் தாக்கல் என்ற நிலையில் ஒரு மாதிரி ஃபெடரல் ரிட்டர்னை இன்னொரு கோப்பில் தயாரியுங்கள். இதை மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பக் கூடாது. அதில் வரும் எண்களைக் கொண்டு ஐடி-201 மட்டும் எடுத்து அனுப்புங்கள். மின்னணுத் தாக்கலுக்கு மென்பொருள் இடம் தராவிட்டால் அச்சடித்துத் தபாலில் அனுப்பலாம். நியூ ஜெர்சியிலும் ஆண்டு முழுக்க ஒருவர் ரெசிடென்ட், மற்றவர் நான்-ரெசிடென்ட் என்றால் இதே போலத் தனித்தனியாகப் போட இடமுண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். நீங்கள் ஃப்ளோரிடாவில் இருந்தபடி ஒரு நியூயார்க் நிறுவனத்துக்கு வேலை பார்த்தால், மேலே சொன்ன வசதி விதியால் உங்களுக்கே நியூயார்க் வருமானம் வந்துவிடும். அவருடைய அபார்ட்மென்ட்டில் நீங்களும் மாதக்கணக்கில் தங்கி 184 நாளைத் தொட்டால், நீங்களும் ரெசிடென்ட் ஆகும் ஆபத்து இருக்கிறது. போகவர எடுத்த டிக்கெட்டுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

அதே மாதிரி நான் சான் ஹோசேல, அவர் சியாட்டில்ல. வாஷிங்டன்ல டாக்ஸே இல்லை. அவர் சம்பளம் கலிஃபோர்னியாவுக்கு வராதுதானே?

நியூயார்க்கை வைத்து இதை யோசிக்காதீர்கள். அரிசோனா, கலிஃபோர்னியா, ஐடஹோ, லூசியானா, நெவாடா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ், வாஷிங்டன், விஸ்கான்சின் ஆகிய 9 மாநிலங்களில் தம்பதியரின் சம்பாத்தியம் பொதுச் சொத்து. ஒருவர் சம்பாதித்ததில் பாதி மற்றவருடையது. எந்த விதி பொருந்தும் என்பதைச் சம்பாதித்தவருடைய நிலையான இருப்பிடம் முடிவு செய்யும்.

உங்கள் சம்பளம் 1,50,000, அவருடையது 1,30,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாநிலமும் பொதுச் சொத்து மாநிலம். உங்கள் சம்பளத்தில் பாதி, 75,000, அவருடையது. அது கலிஃபோர்னியாவில் வேலை செய்து வந்த பணம், எனவே அவருக்கும் கலிஃபோர்னியா வருமானம் உண்டாகிறது. துணைக்குக் கலிஃபோர்னியா வருமானம் இல்லாவிட்டால் மட்டுமே தனியாகப் போட அந்த மாநிலம் அனுமதிக்கிறது, ஆகவே அந்தக் கதவு மூடிவிடும். சேர்ந்து, கலிஃபோர்னியாவின் நான்-ரெசிடென்ட் படிவமான 540என்ஆர் போட வேண்டியதுதான். அவருடைய சம்பளத்தில் பாதி, 65,000, உங்களுடையது. நீங்கள் கலிஃபோர்னியா ரெசிடென்ட் என்பதால் அதற்கும் வரி உண்டு. அவர் பங்காக நிற்கும் 65,000 மட்டுமே தப்புகிறது. மொத்தம் 2,80,000-இல் 2,15,000 கலிஃபோர்னியா கணக்கு. வாஷிங்டனில் வரி கட்டாததால் கிரெடிட்டும் கிடையாது.

அவர் சியாட்டிலுக்குப் பதிலாக ஃப்ளோரிடாவில் நிலையாகக் குடியிருந்தால், அது பொதுச் சொத்து மாநிலம் அல்ல. அவருடைய சம்பளம் முழுக்க அவருடையது, கலிஃபோர்னியா கணக்கில் வராது. உங்கள் சம்பளம் 1,50,000 மட்டும் வரும். ஆனாலும் உங்கள் சம்பளத்தில் பாதி அவருடையது என்பதால் படிவம் சேர்ந்ததாகவே இருக்கும். சட்டப்படி செல்லும் எழுத்துப்பூர்வச் சொத்து ஒப்பந்தம் இருந்தால் இந்தப் பங்கீடு மாறலாம். அதை வரி சேமிப்புக்காக மட்டும் அவசரமாக எழுதாதீர்கள், குடும்பச் சட்ட வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கலிஃபோர்னியா தொடர்புள்ள தம்பதிகள் முதல் ஆண்டு மட்டுமாவது இந்த விதி தெரிந்த கணக்காளரிடம் கொடுப்பது நல்லது.

பென்சில்வேனியால வேலை, ஜெர்சில வீடு. இதுக்கும் ரெண்டு ரிட்டர்னா?

சம்பளம் மட்டும் என்றால் வேண்டாம். இந்த இரண்டு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, குடியிருக்கும் மாநிலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். வர்ஜீனியா, மேரிலாந்து, டிசி வட்டாரத்திலும் அப்படியே. இல்லினாய்ஸ் மாநிலம் அயோவா, கென்டக்கி, மிச்சிகன், விஸ்கான்சினோடு இதே ஏற்பாடு வைத்திருக்கிறது. நியூயார்க்குக்கும் நியூ ஜெர்சிக்கும் இப்படி எதுவும் இல்லை.

ஒப்பந்தம் தானாக வேலை செய்யாது. நிறுவனத்திடம் படிவம் கொடுக்க வேண்டும்: நியூ ஜெர்சியில் குடியிருந்து பென்சில்வேனியாவில் வேலை என்றால் ரெவ்-419, எதிர்த்திசை என்றால் என்ஜே-165. கொடுக்க மறந்து பிடித்துவிட்டால், அந்த மாநிலத்துக்கு நான்-ரெசிடென்ட் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஃபிலடெல்ஃபியா நகரச் சம்பள வரி இந்த ஒப்பந்தத்துக்குள் வராது. அது பிடிக்கப்படும், ஆனால் நியூ ஜெர்சியில் அதற்குக் கிரெடிட் கேட்கலாம். வாடகை வருமானம், சொந்தத் தொழில் வருமானம் எதற்கும் ஒப்பந்தம் பொருந்தாது.

ஜூலைல கலிஃபோர்னியாவை விட்டு டெக்சாஸ் வந்து மனைவியோட சேர்ந்துட்டேன். அதுக்கப்புறம் கிடைச்ச கம்பெனி ஷேருக்குக் கலிஃபோர்னியா ஏன் கேக்குது?

குடிமாறிய நாள் வரை ரெசிடென்ட், பிறகு நான்-ரெசிடென்ட் என்று 540என்ஆர் படிவத்தில் பகுதி ஆண்டுக்காரராகப் போடுவீர்கள். ஆனால் ஆர்எஸ்யு, அதாவது நிறுவனம் முன்பே ஒதுக்கிவைத்துப் பிறகு தரும் பங்கு, கையில் வந்த நாளில் சம்பாதித்ததல்ல. ஒதுக்கிய நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரை நீங்கள் செய்த வேலைக்கான கூலி அது. 24 மாதத்தில் 18 மாதம் கலிஃபோர்னியாவில் வேலை பார்த்திருந்தால், டெக்சாஸில் இருக்கும்போது கைக்கு வந்தாலும் ஏறத்தாழ 75 சதவீதம் கலிஃபோர்னியா வருமானம். துல்லியமாகப் போடும்போது மாதத்துக்குப் பதில் வேலை நாளை எண்ண வேண்டும். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் ஒதுக்கிய தேதி, கைக்கு வந்த தேதி, குடிமாறிய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் அடுத்த மூன்று நான்கு ஆண்டுக்கு உதவும். நியூயார்க்கும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது.

குழந்தை என்கூட இருக்கு, அவர் வேற ஸ்டேட்ல. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் போட்டா லாபமாமே?

வேண்டாம். அது துணையில்லாமல் குடும்பத்தைத் தாங்குகிறவருக்கான தாக்கல் நிலை. வேலை நிமித்தமாகத் தற்காலிகமாகப் பிரிந்திருந்து, திரும்பி வரப்போகிறவரை ஐஆர்எஸ் அதே வீட்டில் இருப்பவராகவே எடுத்துக்கொள்ளும். மணமுறிவை நோக்கிப் பிரிந்து வாழ்வதும் வேலைக்காக ஊர் மாறி இருப்பதும் ஒன்றல்ல. மாநிலத்தில் தனித்தனியாகப் போடும்போது ஒரு குழந்தையை ஒருவர் மட்டுமே காட்டலாம். நியூயார்க்கில் தனித் தாக்கலுக்கு, செலவுகளைப் பட்டியலிடாமலே கிடைக்கும் நிலைக்கழிவு 8,000 டாலர். ஒருவர் செலவுகளைப் பட்டியலிட்டால் மற்றவரும் பட்டியலிட்டே ஆக வேண்டும்.

இந்தியால இருக்கற எஃப்டி வட்டி எந்த ஸ்டேட்டுக்குப் போகும்?

கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் குடியிருக்கும் மாநிலத்துக்கு. வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்துக்கான என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஆனால் இங்கே ஃபெடரலிலும் மாநிலத்திலும் உண்டு. இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்கின் வட்டியில் இந்திய வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸுக்கு ஃபெடரலில் 1116 படிவம் மூலம் கிரெடிட் கிடைக்கும். நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா மூன்றும் அதற்குக் கிரெடிட் தருவதில்லை. வட்டி என்பது ஓர் இடத்தில் வேலை செய்து வந்த பணம் அல்ல என்பதால், நான்-ரெசிடென்ட் படிவத்தின் மாநிலப் பத்தியில் அது வரக் கூடாது. நியூயார்க்கில் தனியாகப் போடும் தம்பதி, கூட்டுக் கணக்கு வட்டியை அவரவர் பங்குப்படி பிரித்துக்கொள்ள வேண்டும்.

வருஷா வருஷம் ஏப்ரல்ல ஜெர்சிக்குக் கையிலேருந்து கட்டறோம், போதாததுக்கு அபராதம் வேற. எப்படிச் சரி பண்றது?

முன்பு பார்த்த தம்பதியையே எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சிக்குக் கடைசியில் வேண்டியது 3,440 டாலர். எடிசன் நிறுவனம் மனைவியின் சம்பளத்தை மட்டும் பார்த்துப் பிடித்தது 2,300. பற்றாக்குறை 1,140. நியூ ஜெர்சியில் 400 டாலருக்கு மேல் பாக்கி வரும் என்றால் காலாண்டு முன்வரி கட்ட வேண்டும். நியூயார்க்கில் அந்த எல்லை 300 டாலர், கலிஃபோர்னியாவில் 500.

எளிய வழி சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்வது. மாதம் இருமுறை சம்பளம் என்றால் ஆண்டுக்கு 24 தவணை. 1,140-ஐ 24-ஆல் வகுத்தால் 47.50. மனைவியின் என்ஜே-டபிள்யூ4 படிவத்தில் கூடுதல் பிடித்தம் 48 டாலர் என்று எழுதிக் கொடுத்தால் போதும். அதே படிவத்தில் இருவரும் சம்பாதிக்கும் தம்பதி, சம்பள அட்டவணையைப் பார்த்து ஓர் எழுத்தைக் குறிக்க வேண்டிய கட்டம் இருக்கிறது. பலர் அதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள், பாதிப் பற்றாக்குறை அங்கேதான் பிறக்கிறது. முன்வரியாகவே கட்ட விரும்பினால் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 ஆகியவை தவணை நாட்கள்.

நேரம் பத்தலைன்னா எக்ஸ்டென்ஷன் போட்டுட்டா எல்லா ஸ்டேட்டுக்கும் சரியாகிடுமா?

தாக்கல் செய்யத்தான் அவகாசம் கிடைக்கும், பணம் கட்ட அல்ல. கலிஃபோர்னியா கேட்காமலே அக்டோபர் 15 வரை அவகாசம் தரும். நியூயார்க்குக்கு அவகாசம் கேட்கும் படிவமான ஐடி-370 தனியாக அனுப்ப வேண்டும். இரண்டிலுமே வரிப் பணத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 15. வர்ஜீனியாவுக்கு மே 1.

போன வருஷ ரிட்டர்னை நியூயார்க் இப்ப மாத்தி, இன்னும் 900 டாலர் கட்டச் சொல்லுது. ஜெர்சில எதாவது திரும்பி வருமா?

வரலாம். முதலில் நியூயார்க் எதை மாற்றியது என்று பாருங்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களைக் கழித்திருந்தீர்கள், அவற்றை நியூயார்க் நாளாக்கிவிட்டது என்றால், இரு மாநிலமும் வரி போட்ட வருமானம் கூடிவிட்டது. நியூ ஜெர்சியில் அந்தச் சதவீதமும் கூடும், கிரெடிட் உச்சவரம்பும் உயரும். என்ஜே-1040எக்ஸ் படிவத்தில் புதிய என்ஜே-சிஓஜே கணக்கு, நியூயார்க் கடிதத்தின் நகல், 900 டாலர் கட்டியதற்கான சான்று மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். பொதுவாக, ரிட்டர்ன் போட்டதிலிருந்து 3 ஆண்டுக்குள் இதைக் கேட்க வேண்டும்.

மாறாக, நாள் கணக்கு அப்படியே இருக்க, வரித் தொகை மட்டும் கூடியிருந்தால், பழைய உச்சவரம்பை ஏற்கெனவே தொட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். மேலே பார்த்த தம்பதியைப் போல 5,160-ஐத் தொட்டிருந்தால் நியூயார்க்குக்கு இன்னும் எவ்வளவு கட்டினாலும் நியூ ஜெர்சியில் ஒரு டாலரும் கூடாது. திருத்தப் படிவம் அனுப்பும் வேலையும் மிச்சம்.